துஜாவும் மார்கான்ஷியாவும்: ஏற்காட்டில் எடுத்து, சேலத்தில் ஒப்பிட ஒரு முழு வழிகாட்டி

ஒரு கூம்பு மரத்தையும் ஒரு ஈரல் செடியையும் ஒப்பிடச் சொன்னால் செய்முறை நோட்டில் வழக்கமாக என்ன இருக்கும்? "துஜா மரம், மார்கான்ஷியா தாலஸ். துஜாவுக்கு வேர், மார்கான்ஷியாவுக்கு வேரிகள். துஜாவில் சைலம் உண்டு, மார்கான்ஷியாவில் இல்லை." (தாலஸ் என்பது வேர், தண்டு, இலை என்று பிரியாத தட்டை உடல். வேரிகள் வேர் போன்ற இழைகள். சைலம் நீர் கடத்தும் திசு.) ஒவ்வொரு வரியும் சரிதான். ஒப்பீடுதான் தப்பு. இந்த வீட்டுப் பாட்டியையும் அந்த வீட்டுப் பேத்தியையும் பக்கத்தில் நிறுத்தி யார் உயரம் என்று கேட்கிற கதை அது.

கண்ணுக்குத் தெரிகிற துஜா மரம் வித்தகத் தாவரம், அதாவது வித்துகளை உண்டாக்கும் தலைமுறை. அதன் செல்லில் குரோமோசோம்கள் இரண்டு தொகுதி. கண்ணுக்குத் தெரிகிற மார்கான்ஷியா கேமீட்டகத் தாவரம், அதாவது ஆண், பெண் அணுக்களை உண்டாக்கும் தலைமுறை. அதன் செல்லில் ஒரே தொகுதி. துஜாவுக்கும் கேமீட்டகத் தாவரம் உண்டு, ஆனால் அது விதைக்குள்ளும் மகரந்தத்துக்குள்ளும் ஒளிந்திருக்கிறது. மார்கான்ஷியாவுக்கும் வித்தகத் தாவரம் உண்டு, அது ஒரு சின்னக் குடைக்கு அடியில் குண்டூசித் தலை அளவில் தலைகீழாகத் தொங்குகிறது. ஆகவே மேசைக்கு வர வேண்டியவை இரண்டு பொருள் இல்லை, நான்கு. அந்த நான்கையும் எப்படித் தேடுவது, எப்படி வெட்டுவது, எங்கே சொதப்பும் என்பதுதான் இந்த வழிகாட்டி.

நேரக் கணக்கு: ஏற்காட்டில் ஒரு பகல், சேலத்தில் மூன்று மாலை, வளர்த்துப் பார்க்க விரும்பினால் இன்னும் ஆறேழு வாரம்.

எந்த மரம்?

முதலில் எது கூம்பு மரம் இல்லை என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஏற்காட்டுக் காபித் தோட்டங்களில் மிளகுக் கொடி ஏறி நிற்கும் சில்வர் ஓக் கூம்பு மரம் இல்லை. நேராக, உயரமாக, மலையில் நிற்கிறது என்பதற்காகப் பலர் அதைப் பைன் வகையில் சேர்த்துவிடுகிறார்கள். அது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பூக்கும் மரம். சவுக்கும் அப்படியே: ஊசி போலத் தெரிவது இலை இல்லை, கணுக் கணுவான பச்சைத் தண்டு. கூம்பு போலத் தெரிவது காய்த்தொகுதி.

உண்மையான கூம்பு மரங்களில் இங்கே எளிதில் கைக்குக் கிடைப்பவை மூன்று. ஊரில் 'கிறிஸ்துமஸ் மரம்' என்று சொல்கிற அரக்கேரியா, சைப்ரஸ், துஜா. அரக்கேரியா அழகான மரம், ஆனால் ஒப்பீட்டுக்கு வசதிப்படாது, கூம்புகள் எட்டாத உயரத்தில் இருக்கும். (போகிற போக்கில் ஒன்று பார்க்கலாம். அரக்கேரியா கொலம்னாரிஸ் மரங்கள் நிலநடுக்கோட்டை நோக்கிச் சாயும் என்று 2017-ல் ஒரு ஆய்வு வெளியானது. நம் பக்கத்தில் அது தெற்கு. நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலகச் சாய்வு கூடும் என்பதால் ஏற்காட்டில் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். போன் திசைகாட்டியை வைத்துச் சரிபார்த்தால் பொழுது போகும்.)

எங்கள் தேர்வு துஜா. தாவரவியல் பெயர் பிளாட்டிகிளேடஸ் ஓரியன்டாலிஸ். பழைய பெயர் துஜா ஓரியன்டாலிஸ். நர்சரிக்காரர்கள் இன்னும் துஜா என்றே விற்கிறார்கள், நாமும் அப்படியே சொல்வோம். சேலத்தில் வீட்டு வாசல், பள்ளி வளாகம், பூங்கா எல்லா இடத்திலும் உண்டு. மார்பளவு உயரத்திலேயே கூம்பு வைக்கும். சைப்ரஸோடு குழம்பாமல் இருக்க இரண்டு அடையாளம். துஜாவின் கிளைகள் தட்டையாக, செங்குத்தாக, புத்தகப் பக்கங்களை நிறுத்தி வைத்த மாதிரி இருக்கும். கூம்பின் செதில்கள் ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு கொக்கி வெளியே வளைந்திருக்கும். சைப்ரஸ் கூம்பு உருண்டை, செதில்கள் கேடயம் போல.

இந்த மரத்தைத் தமிழில் 'ஊசியிலை மரம்' என்று எழுதுவதில் ஒரு சங்கடம்: இதற்கு ஊசியிலை கிடையாது. செதில் இலைகள், எதிரெதிர் ஜோடியாக, ஒரு ஜோடிக்கு அடுத்த ஜோடி குறுக்காக, தண்டை ஒட்டிப் படிந்திருக்கும். அதனால் கூம்பு மரம் என்றே எழுதுவது பாதுகாப்பு.

ஈரல் செடியைத் தேடுவது

சேலம் சுமார் 280 மீட்டர் உயரத்தில், ஏற்காடு சுமார் 1,500 மீட்டரில். இந்த உயர வித்தியாசத்துக்கே ஏழெட்டு டிகிரி குளிர்ச்சி கிடைக்கும். துஜா இரண்டு இடத்திலும் நிற்கும். மார்கான்ஷியாவுக்கு மலை வேண்டும். மழை பிடித்து ஒன்றிரண்டு மாதம் கழித்து, சுமாராக ஆகஸ்ட் முதல் ஜனவரி வரை தேடுங்கள். மார்ச் மாதம் போனால் காய்ந்த மண்தான் மிச்சம்.

பார்க்க வேண்டிய இடங்கள்: வடக்குப் பார்த்த மண்சரிவு, கசிவு நீர் இறங்கும் தடுப்புச் சுவரின் அடிப்பகுதி, ஓடைக் கரையின் நிழல் பக்கம், கல்வெர்ட்டின் உள்பக்கம், காபித் தோட்டத்து வாய்க்கால் ஓரம். இவை எல்லாவற்றையும் விட எளிய இடம் நர்சரி. நிழல் வலைக்குக் கீழே மாதக்கணக்கில் நகர்த்தாமல் வைத்த தொட்டிகளின் மேல்மண்ணைப் பாருங்கள். பல நாடுகளில் நர்சரிக்காரர்களுக்கு மார்கான்ஷியா ஒரு தீராத களை. கேட்டால் சந்தோஷமாகச் சுரண்டி எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் வண்டியை நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்க்காதீர்கள், பின்னால் பஸ் வரும். காப்புக் காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் எதையும் எடுக்கக் கூடாது. தோட்டங்களில் உரிமையாளரையோ மேஸ்திரியையோ கேட்டுவிட்டு இறங்குங்கள்.

கண்டதும் லென்ஸை எடுங்கள், பத்து மடங்கு போதும். மார்கான்ஷியாவின் மேல்பரப்பில் தேன்கூட்டுக் கட்டம் போலப் பலகோணக் கோடுகள் தெரியும். ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் ஒரு வெள்ளைப் புள்ளி. பட்டை இரண்டிரண்டாகக் கவைபட்டு வளர்ந்திருக்கும், நடு நரம்பு மங்கலாகத் தெரியும். முதுகில் வட்டமான கிண்ணம், விளிம்பு பல் பல்லாக, உள்ளே பச்சைத் தூள் மாதிரி ஜெம்மாக்கள், அதாவது தனிச் செடியாக வளரக்கூடிய குட்டித் துணுக்குகள். வட்டக் கிண்ணம் இருந்தால் மார்கான்ஷியா பேரினம் என்று எழுதலாம். பாடப்புத்தகத்தில் வருகிற பாலிமார்ஃபா என்ற இனத்தையே எழுத வேண்டுமானால் பெண் குடை, வயிற்றுப்பக்கச் செதில்கள் எல்லாம் பார்த்த பிறகுதான் எழுத வேண்டும். தென்னிந்திய மலைகளில் இதன் உடன்பிறப்பு இனங்களும் உண்டு. ஒப்பீட்டுக்கு அது தடை இல்லை, பெயர்ச்சீட்டில் மட்டும் அவசரப்படாதீர்கள்.

ஏமாற்றும் முகங்கள் பல. கிண்ணம் பிறை வடிவில் இருந்தால் அது லுனுலேரியா. கட்டமோ புள்ளியோ இல்லாமல் கரும்பச்சையாக, தண்ணீர் சொட்டும் பாறையில் இருந்தால் டுமார்ட்டியெரா. காசு அளவில் ரோஜா வட்டமாகக் கிடந்தால் ரிக்ஸியா. அதன் வித்துப்பை தாலஸுக்குள்ளேயே புதைந்திருக்கும். பட்டையிலிருந்து பச்சைக் கொம்பு எழும்பி நின்றால் அது கொம்புச்செடி, ஈரல் செடியே இல்லை. அரை சென்டிமீட்டர் இதய வடிவம், கண்ணாடி போல மெல்லியது என்றால் பெரணியின் கேமீட்டகத் தாவரமான புரோதாலஸ். சாம்பல் நிறத்தில் காய்ந்து கரகரவென்று இருந்தால் லைக்கன்.

கோடையில் போக நேர்ந்தவர்களுக்கு: பாறை இடுக்குகளில் கறுத்த ஊதா நிறத்தில் நூல் துண்டு மாதிரி சுருண்டு கிடப்பதைப் பாருங்கள். டார்ஜியோனியா போன்றவை வெயிலில் ஓரங்களை மேலே மடித்து, அடிப்பக்கத்துச் செதில்களை வெளியே காட்டிப் படுத்துவிடும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் காத்திருந்தால் கண்ணெதிரே விரியும். மார்கான்ஷியாவுக்கு இந்தச் சாமர்த்தியம் குறைவு, அதனால்தான் அது ஈரத்தை விட்டு நகர்வதில்லை.

எடுப்பதும் இறக்குவதும்

மார்கான்ஷியா: தீப்பெட்டி அளவுத் திட்டு இரண்டு, ஒரு சென்டிமீட்டர் மண்ணோடு, பழைய கத்தியால் அடியில் சீவி எடுங்கள். மண்ணில்லாமல் உரித்தால் வேரிகள் அறுந்துவிடும், பிறகு பாதிப் பரிசோதனை நடக்காது. குடை உள்ள திட்டு கிடைத்தால் ஆண் குடை ஒன்று, பெண் குடை ஒன்று. இரண்டும் ஒரே செடியில் இருக்காது, தனித்தனித் திட்டுகளில் தேடுங்கள். ஆண் குடை எட்டு ஆழமில்லா மடல்கள் கொண்ட தட்டு. பெண் குடை ஒன்பது விரல்களை விரித்த மாதிரி இருக்கும், குடைக்கம்பி போல.

டிபன் பாக்ஸில் ஈரத் துணி விரித்து வையுங்கள். பாலித்தீன் பையில் கட்டி வண்டி டேஷ்போர்டில் வைத்தால், மலையிறங்கிச் சேலம் அஸ்தம்பட்டி சேர்வதற்குள் வெந்த கீரையாகிவிடும்.

துஜா: ஒரு சாண் நீளக் கிளை இரண்டு, பென்சில் பருமனான குச்சி ஒன்று, நீலச் சாம்பல் பூத்த இளங்கூம்பு ஐந்து, பழுத்துப் பழுப்பாகி வெடிக்கத் தொடங்கிய கூம்பு ஐந்து. கிளை நுனிகளை வெள்ளைத் தாளில் தட்டிப் பாருங்கள். மஞ்சள் தூள் கொட்டினால் ஆண் கூம்பு பருவத்தில் இருக்கிறது. கொட்டாவிட்டால் வேறு மரம் பாருங்கள், பருவம் மரத்துக்கு மரம் மாறும்.

பெயர்ச்சீட்டில் தேதி, இடம், உயரம், எதன் மேல் வளர்ந்தது, எந்தத் திசை என்று ஐந்தும் அங்கேயே எழுதிவிடுங்கள். வீட்டுக்கு வந்து எழுதினால் திசை மறந்துபோகும்.

மேசைக்கு வேண்டியவை

10, 40 லென்ஸ் உள்ள நுண்ணோக்கி, புது பிளேடு நான்கு, கண்ணாடிச் சில்லும் மூடுசில்லும், ஒரு கேரட், சொட்டான், மெல்லிய தூரிகை, கிளிசரின், சஃப்ரனின் என்ற சிவப்புச் சாயம். சஃப்ரனின் 1 சதவீதக் கரைசலுக்கு 1 கிராமை 50 மில்லி எத்தனாலில் கரைத்து, 50 மில்லி காய்ச்சி வடித்த நீர் சேர்க்க வேண்டும். மார்கான்ஷியாவுக்குத் தெளிக்க மழைநீர் அல்லது ஆர்.ஓ. தண்ணீர். உப்பேறிய போர்த் தண்ணீர் தெளித்தால் சில நாளில் ஓரம் பழுப்பாகும்.

படி 1: மேல்பரப்பு

மார்கான்ஷியாவின் மேல்தோலை பிளேடால் மெல்லச் சீவி, தண்ணீரில் வைத்துப் பாருங்கள். லென்ஸில் தெரிந்த வெள்ளைப் புள்ளி இப்போது ஒரு துளை. குறுக்குவெட்டில் அது பீப்பாய் வடிவம்: நான்கைந்து செல் கொண்ட வளையங்கள் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கியது, பாதி வெளியே, பாதி உள்ளே. இதை இலைத்துளை என்று எழுதினால் தப்பு. காவல் செல்கள் இல்லை. இலைத்துளை மாதிரித் திறந்து மூட முடியாது. காற்று போகும், தண்ணீர் உள்ளே இறங்காதபடி விளிம்பு நீரை ஒதுக்கும். தாலஸ் மேல் ஒரு சொட்டு விட்டால் அது உருண்டு நிற்பதைப் பார்க்கலாம்.

துஜாவில் உண்மையான இலைத்துளை உண்டு. செதில் இலையில் தோலுரிக்க முடியாது, உதிரும். நிறமில்லாத நெயில் பாலிஷ் ஒரு பூச்சு, பத்து நிமிடம் காயவிட்டு செலோடேப்பால் தூக்கி, சில்லில் ஒட்டுங்கள். இலையின் நடுவில் பூசிவிட்டு "துளையே இல்லை" என்று எழுதுபவர்கள் அதிகம். செதில்கள் ஒன்றோடொன்று சேரும் ஓரங்களில் பூசுங்கள், அங்கேதான் கூட்டமாக இருக்கும்.

ஈரல் செடிகள் எதிலும் இலைத்துளை இல்லை. அவை அந்தக் காலத்துக்கு முந்தையவை என்பதால் இல்லை என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் மாஸ்களிலும் கொம்புச்செடிகளிலும் இலைத்துளை இருக்கிறது. இப்போதைய கருத்துப்படி, ஈரல் செடிகளின் முன்னோருக்கு இருந்து, பிறகு கைவிட்டுப் போனது.

படி 2: குறுக்குவெட்டு

கேரட்டில் ஒரு விரல் நீளத் துண்டு, நடுவில் கீறல், அதற்குள் தாலஸ் பட்டை. பிளேடை நனைத்துக்கொண்டு ஒரே இழுப்பில் வெட்டுங்கள். அறுக்கக் கூடாது. இருபது சீவல் வெட்டினால் இரண்டு தேறும், அதுவே நல்ல கணக்கு.

மேலே காற்றறைகள், அவற்றின் தரையிலிருந்து பச்சை இழைகள் சப்பாத்திக்கள்ளி போலச் செல் மேல் செல்லாக எழும்பி நிற்கும். அதன் கீழே நிறமற்ற சேமிப்புப் பகுதி. அடியில் செதில்கள், வேரிகள். வேரிகளை 40 லென்ஸில் பாருங்கள், இரண்டு வகை: உட்சுவர் வழவழப்பானது, உட்சுவரில் முளைபோல் துருத்தல் உள்ளது. இரண்டும் ஒற்றைச் செல். சஃப்ரனின் ஒரு நிமிடம் போதும். இரண்டைத் தாண்டினால் எல்லாம் ஒரே சிவப்பு.

துஜாவில் குறுக்குவெட்டை விட நீள்வெட்டில்தான் விஷயம். பென்சில் பருமனான குச்சியை நடுத்தண்டு வழியாகப் பிளந்து, அந்தப் பிளந்த முகத்திலிருந்து மெல்லிய சீவல் எடுங்கள். டிரக்கீடுகள் என்ற நீர் கடத்தும் செல்கள் நீள நீளமாக, சுவரில் வட்டத்துக்குள் வட்டமாக வரம்புக் குழிகள், ஒரு வரிசையில் மணி கோத்த மாதிரி. பட்டைக்கு இணையாகச் சீவினால் இவை முகம் காட்டாது, ஏனென்றால் குழிகள் ஆரச் சுவர்களில் இருப்பவை. துஜாவில் வெசல்கள் (பூக்கும் மரங்களில் இருக்கும் அகன்ற நீர்க்குழாய்கள்) கிடையாது, நீர் ஏற்றுவதும் மரத்தைத் தாங்குவதும் இந்த ஒரே வகைச் செல்தான்.

படி 3: தண்ணீர் ஏறும் வழி

துஜா கிளையைத் தண்ணீருக்குள் வைத்தே இரண்டு சென்டிமீட்டர் வெட்டி விடுங்கள். வெளியே வெட்டினால் காற்றுக் குமிழ் அடைத்துக்கொள்ளும், பிசினும் வாயை மூடும். உடனே சிவப்பு உணவு நிறம் கலந்த தண்ணீரில் நிறுத்தி, காற்றோட்டமான ஜன்னலோரம் ஒரு நாள் வையுங்கள். பட்டையை உரித்தால் மரப்பகுதி சிவந்திருக்கும்.

மார்கான்ஷியாவை மண் நீக்கி மெதுவாக அலசி, சாய்த்த கண்ணாடிச் சில்லில் கிடத்தி, கீழ் நுனி மட்டும் அதே நிறத்தைத் தொடும்படி வையுங்கள். சில நிமிடங்களில் நிறம் ஓடும். தாலஸுக்குள் இல்லை, அடியில், நடு நரம்பை ஒட்டி வேரிகளும் செதில்களும் சேர்ந்த கற்றை வழியாக. திரி நனைவது போலத்தான். ஒன்று உடம்புக்குள் குழாய் போட்டிருக்கிறது, மற்றொன்று உடம்புக்கு வெளியே திரி கட்டியிருக்கிறது. 'கடத்தும் திசு இல்லை' என்று எழுதி நிறுத்துவதை விட இது நல்ல வரி.

படி 4: விதையைப் பிளப்பது, குடையைக் கவிழ்ப்பது

இந்தப் படியில் நிதானம் வேண்டும். மொத்த ஒப்பீடும் இங்கேதான் நிற்கிறது.

பழுத்த துஜா கூம்பிலிருந்து விதைகளைக் கொட்டுங்கள். ஒரு கூம்பில் ஆறு முதல் எட்டுச் செதில், விதைகள் நாலைந்து தேறும். அரிசியை விடக் கொஞ்சம் பருத்து, இறக்கை இல்லாமல், பழுப்பாக இருக்கும். இரவு முழுக்க ஊறவைத்து, மறுநாள் ஓட்டை நகத்தால் பிளந்து எடுத்துவிட்டு, உள்ளே இருப்பதை நீளவாக்கில் இரண்டாக வெட்டுங்கள். வெட்டின முகத்தை லென்ஸில் பாருங்கள்.

நடுவில் கரு, ஒரு நுனியில் இரண்டு விதையிலை ஒட்டியிருக்கும். கருவைச் சுற்றி வெண்மையாக, எண்ணெய்ப் பசையோடு ஒரு சதை. அந்தச் சதைதான் துஜாவின் பெண் கேமீட்டகத் தாவரம். அதன் செல்லில் 11 குரோமோசோம். சுற்றியிருக்கும் ஓடு தாய் மரத்துடையது, 22. நடுவில் கரு அடுத்த தலைமுறை, மறுபடி 22. ஒரு விதைக்குள் மூன்று தலைமுறை. மண்ணில் பரந்து கிடக்கும் முழு மார்கான்ஷியாவுக்கும் துஜாவில் இணை எது என்று கேட்டால், நகத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் இந்த வெள்ளைச் சதைதான். இதைத் தேங்காய்ப் பருப்போடு சேர்க்காதீர்கள். தென்னையில் அது இரட்டைக் கருவுறுதலுக்குப் பின் உருவாகும் மும்மடியத் திசு, செல்லில் மூன்று தொகுதிக் குரோமோசோம். துஜாவில் கருவுறுதலுக்கு முன்பே இருப்பது, ஒற்றைமடியம்.

இனி மார்கான்ஷியா. பெண் குடையைக் காம்போடு எடுத்துக் கவிழ்த்து வையுங்கள். பெரும்பாலோர் இந்தக் குடையையே வித்தகத் தாவரம் என்று எழுதி மதிப்பெண் இழக்கிறார்கள். குடையும் காம்பும் கேமீட்டகத் தாவரத்தின் நிமிர்ந்த கிளை. சந்தேகமிருந்தால் காம்பைக் குறுக்கே வெட்டுங்கள், பள்ளம் தெரியும், அதற்குள் வேரிகள் ஓடும். தரையில் கிடந்த தாலஸைச் சுருட்டி நிறுத்தின மாதிரிதான்.

விரல்களுக்கு இடையில், ஓரம் கிழிந்த திரை போன்ற உறைகள் இருக்கும். ஊசியால் விலக்குங்கள். மஞ்சளாக உருண்டையாக ஒன்று தொங்கும்: பாதம், குட்டைக் காம்பு, வித்துப்பை, அவ்வளவுதான் வித்தகத் தாவரம். முப்பது அடி துஜா மரத்துக்கு இணையாக நீங்கள் எழுத வேண்டியது இந்த மஞ்சள் உருண்டையை. மரம் தன் காலில் நிற்கிறது. இது கடைசி வரை தாயின் பாலில்.

வெடித்த பையிலிருந்து மஞ்சள் பஞ்சு வெளியே வந்திருந்தால் அதைத் தண்ணீர் விடாமல் உலர்ந்த சில்லில் வைத்து, குறைந்த உருப்பெருக்கத்தில் பாருங்கள். வித்துகளுக்கிடையே சுருள்கம்பி போல எலேட்டர்கள். பக்கத்திலிருந்து மெல்ல வாயால் ஊதுங்கள். மூச்சின் ஈரம் பட்டதும் முறுக்கி நெளியும், காய்ந்ததும் துள்ளும், வித்துகள் சிதறும். தண்ணீரில் ஏற்றிவிட்டால் இந்த ஆட்டம் கிடையாது.

படி 5: ஆண் அணு போகும் வழி

ஆண் குடையின் தட்டு மேல் ஒரு சொட்டு மழைநீர் விட்டுச் சில நிமிடம் பொறுங்கள். பருவத்தில் இருந்தால் சொட்டு பால் போலக் கலங்கும். அதிலிருந்து ஒரு துளி சில்லில் வைத்து 40 லென்ஸில், ஒளியைக் குறைத்துப் பார்த்தால் துடித்து நீந்துபவை தெரியும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கசையிழை. இழையே தெரிய வேண்டுமானால் சாயம் ஏற்ற வேண்டும், அசைவு மட்டும் போதும். கலங்காவிட்டால் தட்டு முற்றிப்போனது அல்லது இளசு.

பெண் குடைக் காம்பு கருவுறும் சமயத்தில் குட்டையாக இருக்கும்; பிறகுதான் நீளும். உயரமான குடைக்குத் தண்ணீரில் நீந்தி எப்படி ஏறியது என்ற வழக்கமான கேள்விக்குப் பதில் இதுதான்.

துஜா மகரந்தத்தைத் தண்ணீரில் ஏற்றிப் பாருங்கள், வெறும் உருண்டை. பைன் மகரந்தத்தில் இருக்கும் காற்றுப்பைகள் இதில் இல்லை. பாடப்புத்தகத்துப் பைன் படத்தைப் பார்த்து இறக்கை வரைந்துவிடாதீர்கள். காற்றில் வந்து, சூலின் வாயில் கசியும் ஒட்டுத் துளியில் சிக்கி, பிறகு மகரந்தக் குழாய் வழியே ஆண் அணு போகிறது. நீந்துவதில்லை. நீச்சல் எல்லா விதைத் தாவரத்திலும் போய்விட்டது என்றும் எழுத முடியாது. வாசலில் தொட்டியில் வைக்கிற சைகஸில் ஆண் அணு இன்னும் நீந்துகிறது. 1896-லேயே ஜப்பானில் கண்டுபிடித்தார்கள்.

படி 6: கிண்ணத்தில் ஒரு சொட்டு

ஜெம்மா கிண்ணம் உள்ள தாலஸை ஒரு பெரிய வெள்ளைத் தாளின் நடுவில் வைத்து, அரை மீட்டர் உயரத்திலிருந்து சொட்டானால் ஒவ்வொரு சொட்டாக, சரியாகக் கிண்ணத்துக்குள் விழும்படி விடுங்கள். பத்துச் சொட்டில் மூன்று குறி தப்பாமல் விழுந்தால் நல்ல கை. தாளில் சிதறிய பச்சைப் புள்ளிகளின் தூரத்தை அளந்து எழுதுங்கள். இது பாலினமற்ற பெருக்கம், குழந்தை தாயின் அச்சு. துஜாவில் இயற்கையாக இதற்கு இணை இல்லை. நர்சரியில் போத்து வைத்துப் பெருக்குவதை இணையாக எழுதுவதானால் அது மனிதன் செய்தது என்று சேர்த்து எழுதுங்கள்.

நோட்டில் எப்படி எழுதுவது

இரண்டு பத்தி அட்டவணையை மறந்துவிடுங்கள். நான்கு பத்தி போடுங்கள்: துஜா வித்தகம், மார்கான்ஷியா வித்தகம், துஜா கேமீட்டகம், மார்கான்ஷியா கேமீட்டகம். அளவு, ஆயுள், உணவு யாரிடமிருந்து, குரோமோசோம், நீர் வழி, பரவும் விதம் என்று வரிசைகள். குரோமோசோம் வரிசையில் 22, 18, 11, 9 என்று வரும். மார்கான்ஷியா பாலிமார்ஃபாவின் ஒன்பதில் எட்டு பொது, ஒன்று பால் குரோமோசோம். ஆணா பெண்ணா என்பது வித்திலேயே முடிவாகிவிடுகிறது. துஜாவில் ஒரே மரத்தில் இரண்டு கூம்பும்.

ஒரு வரிசை ஜீனோமுக்கும், அதாவது செல்லின் முழு டி.என்.ஏ. தொகுதிக்கும், ஒதுக்கலாம். மார்கான்ஷியா பாலிமார்ஃபாவின் ஜீனோம் 2017-ல் வெளியானது, சுமார் 22 கோடி எழுத்து. கூம்பு மரங்களில் 2013-ல் வெளியான நார்வே ஸ்புரூஸின் ஜீனோம் சுமார் 2,000 கோடி. தொண்ணூறு மடங்கு நீளம் என்பதால் தொண்ணூறு மடங்கு சிக்கல் என்று பொருள் இல்லை. கூம்பு மரங்களில் திரும்பத் திரும்ப வரும் துண்டுகள்தான் நீளத்தைக் கூட்டுகின்றன. 'ஈரல் செடியிலிருந்து கூம்பு மரம் வந்தது' என்ற வாக்கியம் மட்டும் எங்கும் வர வேண்டாம். இரண்டும் ஒரே பழைய முன்னோரிலிருந்து பிரிந்த கிளைகள்.

வளர்த்துப் பார்க்க

ஒரு லிட்டர் மூடியுள்ள தெளிவான பிளாஸ்டிக் டப்பா. செம்மண், மெல்லிய மணல், தென்னைநார்க் கழிவு சம பங்கு. குக்கரில் அரை மணி ஆவியில் வேகவைத்து ஆறவிட்டு இரண்டு சென்டிமீட்டர் பரப்புங்கள். வேகவைக்காமல் விட்டால் வெண்பூஞ்சையும் கொசு மாதிரிச் சின்ன ஈக்களின் புழுக்களும் முந்திக்கொள்ளும். மழைநீரால் மண் பளபளக்கும் வரை நனைத்து, தேங்காமல் பார்த்து, தூரிகை நுனியால் 15 ஜெம்மாவை ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் வையுங்கள். எந்தப் பக்கம் மேலே என்ற கவலை வேண்டாம், ஒளி பட்ட பக்கம் முதுகாகும். மூடி போட்டு வடக்கு ஜன்னலில். தினம் இரண்டு நிமிடம் திறந்து மூடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 19:19:19 உரம் லிட்டருக்கு கால் கிராம், அதற்கு மேல் போட்டால் பச்சைப் பாசிதான் செழிக்கும்.

நவம்பர் முதல் ஜனவரி வரை சேலத்திலேயே வளரும். ஏப்ரல் வெயிலில் டப்பாவுக்குள் சூடேறி அழுகும். மூன்று நான்கு வாரத்தில் புதுக் கிண்ணம் எதிர்பார்க்கலாம். சாதாரண எல்.இ.டி. விளக்கில் வளர்ப்பவர்களுக்குக் கிண்ணம் மட்டும் வரும், குடை வராது. குடை எழும்ப நீண்ட பகலும், சூரிய ஒளியில் உள்ள, அந்த விளக்குகளில் இல்லாத தொலைச்சிவப்பு ஒளியும் வேண்டும்.

துஜா விதையை ஒரு நாள் ஊறவைத்து, ஈர மணலோடு டப்பாவில் அடைத்து ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் மூன்று வாரம் வைத்தபின், அரை சென்டிமீட்டர் ஆழத்தில் விதையுங்கள். ஊறும்போது மிதப்பவை பெரும்பாலும் பொக்கு, நீக்கிவிடலாம். ஆழமாகப் போனால் முளை மேலே வராது. ஈரம் அதிகமானால் முளை அடியில் கருகி விழும். மூன்று வாரத்துக்குப் பின் முளை காட்டும், இரண்டு விதையிலையோடு. அதற்கு மேலே வரும் முதல் இலைகளை லென்ஸில் பாருங்கள். தட்டையான செதில் எதுவும் இருக்காது. கூராக, தண்டை விட்டு விலகி நிற்கும் ஊசிகள். இந்தச் செடிக்கு ஊசியிலை மரம் என்ற பெயர் பொருந்துகிற கொஞ்ச காலம் இதுதான், படம் எடுத்துவிடுங்கள்.